ஓமம் என்று நினைத்து

என் வீட்டுக்காரருக்கு வயிறு மந்தமாக இருந்தால் மாத்திரை பக்கமே போகமாட்டார். நேரே அடுப்படிக்குப் போய் ஓமத்தைத் தேடுவார். 2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு வாசனை ஏறி வந்தது. ஓமத்தின் அந்தச் சுள்ளென்ற வாசம் இல்லை. கேரட் தழையைக் கசக்கினால் வருமே, அது மாதிரி, கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் மருந்துமாக. இறங்கி வந்து பார்த்தால் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. உள்ளே ஒரு கரண்டி விதை குதித்துக்கொண்டிருக்கிறது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் பத்திரமாக மடித்து வைத்திருந்த காகிதப் பொட்டலம் வாய் பிளந்து கிடக்கிறது.

"இந்த ஓமம் பழசாயிடுச்சு போல, காரமே இல்ல" என்றார்.

அது ஓமம் இல்லை. பார்ஸ்லி விதை; பார்ப்பதற்குக் கொத்தமல்லி மாதிரியே இருக்கும் ஒரு மேல்நாட்டுக் கீரை. பக்கத்து வீட்டுத் தேத்தா தன் தோட்டத்துச் செடியிலிருந்து உதிர்த்து, போன இலையுதிர் காலத்தில் எனக்குக் கொடுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பொட்டலத்தின் மடிப்பில் மிச்சம் ஒட்டியிருந்ததை எண்ணிப் பார்த்தேன். அறுபத்திச் சொச்சம் இருந்தது.

தப்பு முழுக்க அவர்மேல் இல்லை. இரண்டையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். அதே சாம்பல் கலந்த பழுப்பு, அதே வரி வரியான முதுகு, பிறை மாதிரி அதே சின்ன வளைவு. பார்ஸ்லி ஒரு சுற்று ஒல்லி, அவ்வளவுதான். இவையெல்லாம் ஒரே குடும்பம். குடையை விரித்தமாதிரிப் பூக்கும் அந்தக் குடும்பத்தில்தான் சீரகம், சோம்பு, தனியா, ஓமம், பெருங்காயம், கேரட் எல்லாம் இருக்கின்றன. நம் அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் மிளகையும் வெந்தயத்தையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதில் பாதி பார்ஸ்லிக்குப் பங்காளிகள்தான். இது தெரியாமல் ஆறு வருஷம் நான் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை ஆரம்பித்தது 2016-இல், கனடாவுக்கு வந்த முதல் வாரத்தில். ஸ்கார்பரோவில் ஒரு அடித்தள வீட்டில் வாடகை. கடைக்குப் போய் கொத்தமல்லி என்று ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்தேன். ரசம் வைத்து இறக்கும்போது கிள்ளிப் போட்டு மூடினேன். சாப்பிட உட்கார்ந்து திறந்தால் வாசமே எழும்பவில்லை. இலை வதங்காமல் ரசத்தின்மேல் விறைப்பாக மிதக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்த முதல் வாரத்தில் மனசு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ரசத்துக்காகக் கொஞ்சம் அழுதேன். அழுததற்குக் காரணம் ரசம் மட்டும் இல்லைதான்.

தட்டை இலைப் பார்ஸ்லியையும் கொத்தமல்லியையும் கண்ணால் பிரிப்பது புதிதாக வருகிறவர்களுக்குக் கஷ்டம். கொத்தமல்லியின் இலை நுனி உருண்டிருக்கும், மெலிசாக இருக்கும். பார்ஸ்லி கரும்பச்சை, நுனி கூராக இருக்கும், தொட்டால் கொஞ்சம் தடிமன் தெரியும். எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்ப்பது. கடையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை. கொத்தமல்லிக்கு ஆங்கிலத்தில் 'சைனீஸ் பார்ஸ்லி' என்றே ஒரு பெயர் உண்டு என்று பின்னால் தெரிந்தது. அவர்களுக்கு நம் கொத்தமல்லி சீனத்துப் பார்ஸ்லி, எனக்கு அவர்கள் பார்ஸ்லி வாசமில்லாத கொத்தமல்லி. கணக்கு நேராகிவிட்டது. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று தேடினால் மொழிபெயர்ப்புச் செயலி 'வோக்கோசு' என்கிறது. அந்த வார்த்தையை ஒரு மனிதர் வாயிலிருந்து நான் இன்றுவரை கேட்டதில்லை. பார்ஸ்லி என்றே எழுதிவிடுகிறேன்.

தேத்தா என்றால் லெபனான் அரபியில் பாட்டி. தெருப் பிள்ளைகள் எல்லாம் அப்படிக் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எழுபது தாண்டியவர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் பெய்ரூட்டிலிருந்து வந்தவர். 2020-இல் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வேலிக்கு மேலாக அவர் முதலில் நீட்டியது ஒரு கிண்ணம் தபூலே. எனக்கு அப்போது தபூலே என்றால் கடைப் பெட்டியில் கிடைக்கிற சமாச்சாரம்தான்: கோதுமை ரவைச் சோற்றில் நடுநடுவே பச்சையாக ஏதோ தெரியும். தேத்தாவின் கிண்ணத்தில் தலைகீழ். முழுக்கப் பச்சை, நடுவே எங்கேயோ ரவை, தக்காளி, வெங்காயத்தாள், புதினா, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய். பார்ஸ்லி தூவிய உணவு இல்லை அது. பார்ஸ்லியேதான் உணவு.

"கோதுமை எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

தேத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சாம்பாரைப் பார்த்து யாராவது "இதில் சர்க்கரை எங்கே" என்று கேட்டால் நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை.

அதற்கப்புறம் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். பக்தூனிஸ் (அவர் பார்ஸ்லியை அப்படித்தான் சொல்வார்) கழுவியதும் ஈரத்தோடு நறுக்கக் கூடாது. துணியில் பரப்பி ஒரு மணி நேரமாவது காய வேண்டும். பிறகு காம்போடு சேர்த்துக் கையில் இறுக்கமாகக் கட்டுப் பிடித்து, நல்ல கூரான கத்தியால் நூல் மாதிரி ஒரே ஒரு தடவை அரிய வேண்டும். நாம் கொத்தமல்லிக்குச் செய்கிறமாதிரி கத்தியை முன்னும் பின்னும் ஓட்டிக் கொத்தினால் இலை நசுங்கிச் சாறு விட்டுக் கறுத்துப்போகும். நான் இரண்டு தடவை கத்தியை ஓட்டினேன். என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். வெங்காயம் உரிக்கச் சொன்னார்.

அந்த வீட்டில் பார்ஸ்லியைக் கட்டு கட்டாகச் செலவழிப்பதைப் பார்த்தபிறகுதான், கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, வளர்க்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் கடையில் ஒரு தொட்டி வாங்கிப் பார்த்தேன், மறைப்பானேன். பிளாஸ்டிக் உறைக்குள் பசேலென்று நின்றது. பத்தே நாளில் மஞ்சளடித்துச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு கைப்பிடி மண்ணுக்குள் இருபதுக்கும் மேல் நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வளர்வதற்கு வைத்த செடியே இல்லை அது. வாங்கியதும் வெட்டிச் சமைத்துவிட வேண்டிய பயிர், தொட்டி வேஷம் போட்டு வருகிறது. அப்படி ஒன்று வாங்கினால் அன்றைக்கே வெளியே எடுத்து, ஐந்தாறு கொத்தாகப் பிரித்துப் பெரிய தொட்டிகளில் வைத்துவிடுங்கள். பாதி பிழைக்கும்.

கஷாயத்துக்குத் தப்பிய அறுபது விதைக்கு வருகிறேன். ஒரு பகலும் இரவும் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் விதைக்க வேண்டும் என்பது தேத்தாவின் கட்டளை. காரணம் கேட்டால் "என் அம்மா அப்படித்தான் செய்வாள்" என்பார். காரணம் இருக்கத்தான் செய்கிறது. விதையின் மேல்தோலில் முளைப்பைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. ஊறவைத்தால் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். அது போதாதென்று இன்னொன்று: இந்தக் குடும்பத்துச் செடிகளில் பலவற்றின் விதை, தாய்ச் செடியிலிருந்து உதிரும்போது உள்ளே கரு முழுதாக வளர்ந்திருக்காது. ஈரம் பட்டபிறகு அது விதைக்குள்ளேயே முதலில் வளர வேண்டும். அதற்கப்புறம்தான் வெளியே எட்டிப் பார்க்கும். மேலே மண் அசையாமல் கிடக்கிற அந்த நாளெல்லாம் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த தாமதத்தைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். பார்ஸ்லி விதை முளைப்பதற்கு முன்னால் ஒன்பது தடவை சாத்தானிடம் போய்விட்டுத்தான் வருமாம். சாத்தானுக்கு அதிகாரம் இல்லாத நாள் என்பதால் பெரிய வெள்ளியன்று விதைக்க வேண்டும் என்று ஒரு பரிகாரமும் உண்டு. 2022-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 15. எனக்குப் பொறுமை இல்லை. மார்ச் மாதமே ஒரு தட்டில் மண் கலவை போட்டு, விதை தூவி, அரை சென்டிமீட்டர் மண் மூடி, தெளித்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன்.

ஒரு வாரம். ஒன்றுமில்லை. வெந்தயம் போட்டால் மூன்றாம் நாள் தலைநீட்டும், கடுகு அதற்கும் முன்னால். அப்படிப் பழகிய கண்ணுக்கு இது பெரிய சோதனை. இரண்டு வாரம். பச்சையாக வந்ததென்று பார்த்தால் பாசி. பத்தொன்பதாம் நாள், கொதித்த விதை போனது போக மிச்சமும் மலட்டு விதை போல என்று முடிவுகட்டி, தட்டு மண்ணைத் தூக்கிப் பக்கத்திலிருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன். இங்கே குளிர்காலம் முழுக்கக் கறிவேப்பிலையை வீட்டுக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி பார்க்க வேண்டும். நல்ல மண் வீணாகப் போவானேன் என்று அதற்குப் போட்டேன்.

இருபத்தாறாம் நாள் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், அதன் காலடியில் வளைந்த ஊசி மாதிரி ஒன்பது பச்சை. மறுநாள் பதினாலு. விதையிலைகள் புல் மாதிரி ஒல்லியாக, இரண்டிரண்டாக. ஒரு வாரம் கழித்து நடுவே முதல் நிஜ இலை வந்தபோதுதான், பற்கள் வெட்டிய அந்த விளிம்பைப் பார்த்து, இது களை இல்லை என்று நம்பினேன். ஆக, நான் சொல்லும் ஒரே விதைப்பு ரகசியம் இதுதான்: ஒரு மாதத்துக்குத் தட்டைக் காயவிடாமல் வைத்திருங்கள், கொட்டாதீர்கள். விதையும் புதிதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் டப்பாவில் கிடந்தது அநேகமாக ஏமாற்றும்.

கேரட்டின் சொந்தக்காரன் என்பதால் இதற்கும் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். அதனால் இரண்டு நிஜ இலை வந்த உடனேயே, வேர் நீள்வதற்கு முன்னால், கரண்டியால் மண்ணோடு தோண்டி இடம் மாற்றிவிட வேண்டும். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம், ஒரு அடியாவது வேண்டும். என் பதினாலில் ஒன்பது தேறியது. நாலு தொட்டிக்கு, ஐந்து தரைக்கு. டொராண்டோவில் தக்காளி, மிளகாய் நாற்றையெல்லாம் மே மாதம் விக்டோரியா தின வார விடுமுறை வரைக்கும் வெளியே வைக்கப் பயப்படுவோம். பார்ஸ்லிக்கு அந்தப் பயம் வேண்டாம். லேசான உறைபனியைத் தாங்கும். வெயில்தான் அதற்கு ஆகாது. ஜூலை உச்சியில் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடத்தில் இருந்த தொட்டிகள்தான் நன்றாக வந்தன.

சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் என் தங்கச்சிக்கு இது அப்படியே பொருந்தவில்லை. அவள் ஜூனில் போட்டு ஒன்றும் முளைக்கவில்லை என்று என்னைத் திட்டினாள். அக்டோபர் கடைசியில், மழை வந்து மொட்டைமாடி குளிர்ந்தபிறகு போடச் சொன்னேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பறித்தாள். ஏப்ரலில் செடி கையை விரித்துவிட்டது. சமவெளியில் அதை ஒரு பருவப் பயிராக நினைத்துக்கொள்வதுதான் நிம்மதி. ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பறிக்கும்போது நம் கை தானாக நுனியைக் கிள்ளத்தான் போகும். கூடாது. புது இலை நடுவிலிருந்து வரும். வெளிவட்டத்துக் காம்பை அடியோடு, மண்ணுக்குப் பக்கத்தில் வெட்டி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு செடி மாதக்கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முயல்கள் இந்த விதியை மதிப்பதில்லை. ஜூனில் ஒரு காலை தரையில் இருந்த ஐந்து செடியும் சவரம் செய்தமாதிரி மொட்டையாக நின்றன. கம்பி வலை வாங்கி வந்து சுற்றியபிறகு மறுபடி துளிர்த்தன. முயலைப் பற்றி இதற்குமேல் எழுதினால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

ரத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் கோடைக்கு என் மாமனார் வந்திருந்தார். இதய வால்வு மாற்றியவர், வார்ஃபரின் சாப்பிடுகிறவர். மருமகள் வீட்டுத் தோட்டத்துக் கீரை என்று ஆசையாகத் தினமும் ஒரு கிண்ணம் கேட்டார். பார்ஸ்லியில் வைட்டமின் கே கொட்டிக்கிடக்கிறது: 100 கிராமில் சுமார் 1640 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 120 அளவில்தான். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்கிற சத்து அது. நல்லவேளையாக ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸே கேட்டார், "புதிதாகக் கீரை ஏதாவது?" என்று. கீரையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. திடீரென்று கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள், அளவு ஒரே சீராக இருக்கட்டும் என்றார். மாமனாருக்கு அன்றிலிருந்து ஒரு இணுக்குதான். உங்கள் வீட்டிலும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் மாதம் புழு வந்தது.

முதலில் புழு என்றே தெரியவில்லை. இலைமேல் குருவி எச்சம் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. கழுவிவிடலாம் என்று தண்ணீர்க் குழாயைத் திருப்பினால் எச்சம் நகர்கிறது. ஒரே வாரத்தில் அது தோல் உரித்து உரித்து ஆளே மாறிப்போனது: பளீர்ப் பச்சை, குறுக்கே கறுப்புப் பட்டைகள், பட்டையில் மஞ்சள் புள்ளிகள். மாலையில் எண்ணினால் மூன்று. மறுநாள் காலையில் ஏழு. இரவில் எப்படி நாலு பெரிய புழு முளைத்தது என்று எனக்குப் புரியவில்லை. தொட்டியில் ஒரு செடி அதற்குள் வெறும் குச்சி.

அன்றைக்கு அம்மாவோடு வீடியோ அழைப்பு. தென்காசியில் இரவு எட்டு மணி. புலம்பிக்கொண்டே கேமராவைத் திருப்பி, இன்னும் எச்சம் மாதிரியே இருந்த ஒரு சின்னதைக் காட்டினேன்.

"ஏட்டி, இது நம்ம கறிவேப்பிலைப் புழுல்லா!"

"அம்மா, இது கனடா. இங்க என்ன கறிவேப்பிலைப் புழு."

"குச்சிய வச்சுத் தொட்டுப் பாரு. கொம்பு நீட்டும்."

தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு பிதுங்கி வந்தது. கூடவே ஒரு நாற்றம், வெண்ணெய் கெட்டுப்போனமாதிரி. எங்கள் வீட்டுப் புறவாசலில் கிணற்றுக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை மரம் இருந்தது. சின்ன வயதில் அதில் உட்கார்ந்திருக்கும் புழுவைத் துடைப்பக் குச்சியால் சீண்டி, கொம்பு நீட்டவைத்து, நாற்றம் தாங்காமல் ஓடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. அந்த நாற்றமேதான். முப்பது வருஷம் கழித்து, உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு லெபனான் செடியின்மேல்.

அம்மா சொன்னது பாதிக்குமேல் சரி. இங்கே பார்ஸ்லியைத் தின்பது பிளாக் ஸ்வாலோடெயில் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. நம் ஊரில் கறிவேப்பிலையைத் தின்பது கறிவேப்பிலை அழகி. எலுமிச்சையைத் தின்பது எலுமிச்சை அழகி. மூன்றுக்கும் அறிவியல் பெயரின் முதல் பாதி ஒன்றுதான்: பாப்பிலியோ. அக்கா தங்கச்சிகள். குட்டியில் எச்சம் வேஷம் போடுவதும், சீண்டினால் கொம்பு நீட்டுவதும் குடும்ப வழக்கம்.

சரி, கறிவேப்பிலைக்கும் பார்ஸ்லிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்று எலுமிச்சைக் குடும்பம், மற்றது சீரகக் குடும்பம். ஆனால் இந்த இரண்டு குடும்பங்களிலும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் பரவலாகக் காணப்படுகிறது. வெயில் பட்டால் நச்சாக மாறும் பொருள். ஒன்டாரியோ சாலையோரங்களில் காட்டுப் பார்ஸ்னிப் என்று மஞ்சள் பூவோடு ஒரு செடி நிற்கும். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீப்புண் மாதிரி கொப்புளம் எழும்பும். அதற்குக் காரணம் இதுதான். சாதாரணப் பூச்சி தின்றால் செத்துப்போகும். இந்தப் புழுவுக்கு மட்டும் எப்படிச் செரிக்கிறது என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் அறிஞர் மே பெரன்பாம் பல வருஷம் ஆராய்ந்தார். அந்த நச்சைத் துண்டு துண்டாக உடைக்கிற நொதிகள் புழுவின் குடலில் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஆகாத வாசம் இதற்குச் சாப்பாட்டு மணி. நான் ஆறு வருஷம் கொத்தமல்லி மாதிரி இல்லையே என்று குறை சொல்லிக்கொண்டிருந்த செடியை, கறிவேப்பிலையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது என்று அந்தப் புழு அப்போதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

யோசித்தால் தலையெழுத்தும் ஒன்றுதான். காரியம் முடிந்ததும் ஒதுக்கப்படுகிறவரை நாம் 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப்போட்டுவிட்டார்கள்' என்போம். ஓட்டல்களில் தட்டு ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்து, அப்படியே குப்பைக்குப் போகும் சுருட்டை இலைப் பார்ஸ்லியைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். ஆனால் இத்தாலிக்காரர்கள் பார்ஸ்லியை வைத்து வேறு பழமொழி சொல்கிறார்கள்: எந்த விசேஷத்துக்குப் போனாலும் அங்கே நிற்கிற ஆளை 'பார்ஸ்லி மாதிரி' என்பார்கள். எல்லாச் சட்டியிலும் இருப்பதால். பழைய கிரேக்கர்களுக்கோ இந்த இனத்து இலை கல்லறைக்கு உரியது. தளபதி திமோலியன் சிசிலியில் படை நடத்திப் போகையில் எதிரே கோவேறு கழுதைகள் 'செலினான்' தழையைச் சுமந்து வர, வீரர்கள் அபசகுனம் என்று நின்றுவிட்டதைப் பழங்கால கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். திமோலியன் அதையே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டு, இது விளையாட்டில் வென்றவன் சூடுகிற மாலை அல்லவா என்று சொல்லிப் படையைக் கிளப்பினாராம். செலினான் என்பது செலரியா பார்ஸ்லியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ரசத்தை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் இரக்கம்தான் வருகிறது.

ரசத்துக்கு இது ஆகாது, அதில் மாற்றமில்லை. துவையலுக்கு ஆகும். நல்லெண்ணெயில் இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, நாலு வற்றல் மிளகாய், பெருங்காயம் போட்டு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அதே சட்டியில் ஒரு பெரிய கைப்பிடி பார்ஸ்லி, காம்போடு. கொத்தமல்லி என்றால் சட்டியில் போட்டதும் ஓய்ந்துவிடும். இது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும், விடாமல் வதக்க வேண்டும். கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு. பருப்பு பல்லில் படுகிறமாதிரி கரகரப்பாக அரைத்தால் போதும். கசப்பு மெல்லிசாக அடியில் ஓடும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டால், இது கொத்தமல்லித் துவையல் இல்லையே என்ற எண்ணம் மூன்றாவது கவளத்தில் போய்விடும். பருப்பு வடையிலும் போடலாம். எண்ணெயில் பொரிந்தாலும் வாசம் தங்குகிறது. காயவைத்து வைக்காதீர்கள், வைக்கோல்தான் மிஞ்சும். பொடியாக அரிந்து, ஐஸ் தட்டில் எண்ணெய் விட்டு உறையவைத்தால் குளிர்காலத்துக்கு ஆகும்.

புழுக்களைக் கொல்ல மனசு வரவில்லை. பிடித்து எங்கேயாவது விடலாம் என்று தேத்தாவிடம் யோசனை கேட்கப் போனேன். அவர் தன் பாத்தியில் குனிந்து ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எண்பதை நெருங்குகிற மனுஷி, மாங்காய் திருடிய பிள்ளை மாதிரி. உள்ளங்கையில் இரண்டு பச்சைப் புழு. ஒரே இரவில் மூன்று ஏழான கணக்கு அப்போதுதான் புரிந்தது.

"உனக்குத்தான் பூச்சி பிடிக்குமே, ஹபீப்தி" (கண்ணே என்று அர்த்தம்) என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஏழில் ஐந்து என்ன ஆயிற்று என்று தெரியாது. குளவி தூக்கிப்போனதை ஒரு தடவை பார்த்தேன். ஒன்று வேலிக்கட்டையில் கூடு கட்டி, பத்துப் பன்னிரண்டு நாளில் வெளிவந்து போனது. கடைசி ஒன்று செப்டம்பரில் ஒரு குச்சியில் சாய்ந்து, இடுப்பில் ஒற்றைப் பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, பழுப்புக் கூடாகிவிட்டது. அந்தப் பருவத்தில் கூடு கட்டுவது வசந்தம் வரை வெளிவராது என்று படித்ததால், குச்சியோடு ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்து, சூடேற்றாத கராஜில் அலமாரிமேல் வைத்தேன். வீட்டுக்குள் வைத்தால் ஜனவரியிலேயே விழித்து, வெளியே பனியைப் பார்த்துச் செத்துப்போகும். அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் என் பிள்ளைகளை விசாரித்த கையோடு, "அவ முழிச்சிட்டாளா?" என்பாள்.

குளிர்காலம் பார்ஸ்லிக்கும் கணக்குப் பார்த்தது. வெளியே விட்ட தொட்டிகள் வேரோடு உறைந்து செத்தன. வீட்டுக்குள் கொண்டுவந்த ஒன்று தெற்கு ஜன்னலில் ஒல்லிக்குச்சியாகப் பிழைத்துக்கிடந்தது. டிசம்பர் வெளிச்சம் அதற்குப் போதவில்லை. தரையில் இருந்த ஐந்தை இலைச்சருகு போட்டு மூடியிருந்தேன். மேலே இரண்டு மாதம் பனி. மார்ச் கடைசியில் சருகை விலக்கினால் மூன்றில் பச்சை. பார்ஸ்லிக்கு இரண்டு வருஷ ஆயுள். முதல் வருஷம் இலை, இரண்டாம் வருஷம் பூ. அந்த மூன்றும் மே முழுக்கக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, ஜூனில் நடுவே தடித்த தண்டு விட்டன. அதற்குப்பின் இலை கசப்பு. வெட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. விட்டுவிட்டேன். இடுப்பளவு உயர்ந்து, பச்சை கலந்த மஞ்சளில் சின்னச் சின்னக் குடைகளாகப் பூத்தது. தேனீ, குளவி, பெயர் தெரியாத சின்ன ஈ என்று பகல் முழுக்கச் சந்தை. ஆகஸ்டில் குடைகள் காய்ந்தபோது காகிதத்தைக் கீழே பிடித்து உதிர்த்தேன். ஒரு கிண்ணம் நிறைய வந்தது. இந்தத் தடவை பொட்டலத்தின் மேலே பெரிய எழுத்தில் 'இது ஓமம் இல்லை' என்று எழுதிவைத்தேன்.

அதற்கு முன்னால், மே மாதம் இரண்டாவது வாரம், ஒரு காலை கராஜில் சாடியைப் பார்த்தால் கூடு காலி. குச்சியின் நுனியில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். கறுப்பு இறகு, ஓரத்தில் மஞ்சள் புள்ளி வரிசை, பின்னிறகில் நீலப் பொடி தூவினமாதிரி. நீலம் அதிகமாக இருந்ததால் பெண்தான். அம்மா எட்டு மாதமாக 'அவ' என்று சொன்னது சரியாகிப் போனது. சாடியை வெளியே எடுத்துவந்து திறந்து வைத்தேன். இறகு காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று போனை எடுக்க உள்ளே போய் வருவதற்குள் எழும்பிவிட்டாள். கறிவேப்பிலைத் தொட்டியைத் தாண்டி, அதைத் திரும்பியும் பார்க்காமல், நேரே வேலிக்கு அந்தப் பக்கம், தேத்தாவின் பாத்திக்கு.

இப்போது நான் ஐந்து தொட்டி போடுகிறேன், நாலு எங்களுக்கு. போன ஜூலையில் ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலாக ஏதோ ஒன்று வந்து காலடியில் பொத்தென்று விழுந்தது. ஒரு இணுக்கு பக்தூனிஸ். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பச்சைப் புழு.